பாட்டில் சார் தண்ணீர் கேட்டால்

தண்ணீர் பாட்டிலை வரப்பில் நிழல் பார்த்து வைத்த பிறகுதான் அளவுநாடாவை உருவுவார். மருந்தடிக்காமல் சாகுபடி செய்யும் சிறு விவசாயிகளுக்கு மானியம் தரலாமா கூடாதா என்று நிலத்துக்கே வந்து பார்த்து எழுதுகிற அதிகாரி. பெற்றோர் வைத்த பெயர் கோப்புகளில் மட்டும் புழங்குகிறது. வயல்காட்டில் அவர் பாட்டில் சார்.

மானியம் கேட்பவர் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடத் தொடமாட்டார். "இன்னிக்குத் தண்ணி, நாளைக்கு டீ, அடுத்த வாரம் வீட்டு வாசல்ல காய்கறி மூட்டை. எதுக்கு வம்பு?" ஆனால் 'இல்லை' என்று முடிவு செய்த இடத்தில் உரிமையோடு கேட்டு வாங்கிக் குடிப்பார், அங்கே யார் சந்தேகப்படப் போகிறார்கள்? ஆக, மனிதர் இதுவரை உபசாரம் ஏற்றதெல்லாம் அவரைத் திட்டுகிற வீடுகளில்தான். "பாட்டில் சார் தண்ணி கேட்டா காரியம் கெட்டுதுன்னு அர்த்தம்" என்பது அந்த வட்டாரம் முழுக்கத் தெரிந்த சங்கதி.

மண்ணைக் கிளறி மண்புழு எண்ணுவார். ஒரு பிடியை முகர்ந்தே யூரியா போட்ட பொய்யைப் பிடித்துவிடுவார். சொந்த மாடியில் மட்டும் ஒரு ரோஜாத் தொட்டியும் பிழைத்ததில்லை. "ஊரு நிலத்துக்கெல்லாம் மார்க் போடறாரு. நம்ம வீட்டுச் செடிக்கு இவரைப் பார்த்தாலே காய்ச்சல்" என்பது மனைவி தந்திருக்கும் சான்றிதழ்.

போன வாரம் முக்கால் ஏக்கர்க்காரி ஒருத்தியின் முறை. மழைநீர்க் குட்டை வெட்ட மானியம் கேட்டிருந்தாள். கிணறு இரண்டு கோடையாக வறண்டு கிடக்கிறது. குட்டையும் இல்லையென்றால் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுக் கட்டட வேலைக்குப் போவதாக முடிவு. விதிப்படி வேலியோரம் நாற்பது மரக்கன்றுகள் உயிரோடு நிற்க வேண்டும். முப்பத்தொன்பது எண்ணினார். மறுகோடியிலிருந்து எண்ணிப் பார்த்தார். கன்றுகள் மனம் மாறவில்லை.

"நாப்பதாவது எங்கம்மா?"

"ஆடு தின்னுடுச்சு சார்."

"யாரு ஆடு?"

"என் ஆடுதான். அடுத்தவங்க ஆடுன்னா சண்டையாவது போட்டிருப்பேன்."

அந்த இடத்தில் விரல் நீளத்துக்கு ஒரு குச்சி மிச்சம் இருந்தது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குத்தவைத்து உட்கார்ந்தார். நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்டினார். உள்ளே பச்சை. ஆனால் அடிமண் சாம்பலாக உலர்ந்து கிடந்தது. சாயங்காலம்வரை தாங்குமா என்பது வேறு விஷயம். விதியில் உயிர் என்றுதான் இருக்கிறது, உயரம் சொல்லவில்லை. பாட்டிலைத் தேடினார். அது முந்தைய நிலத்திலேயே காலி. எச்சிலை விழுங்கினார்.

"ஒரு சொம்பு தண்ணி கொடும்மா."

அவள் வயலோரத்து வீட்டுக்கு நடந்தாள். உள்ளே போனவள், வருவதற்கு அவசரம் காட்டவில்லை.

"குடிங்க சார். நீங்க கேட்டா என்னன்னு ஊருக்கே தெரியும்."

வாங்கிக்கொண்டவர் எழுந்திருக்கவில்லை. குச்சியைச் சுற்றி விரலால் மண்ணைக் குழித்து, கடைசிச் சொட்டுவரை நிதானமாக ஊற்றினார். காலிச் சொம்பை அவளிடம் நீட்டிவிட்டு, காய்ந்த உதட்டை நாக்கால் தடவியபடியே படிவத்தில் கன்றுகளுக்கான கட்டத்தில் நாற்பது என்று எழுதினார்.