கறிவேப்பிலைக் கன்றின் அடியில் கிடைத்த பச்சைக் கண்ணாடி

அனல்மின் நிலையத்தில் ரிட்டயர் ஆகி, குவார்ட்டர்ஸ் சாவியை ஒப்படைக்க ஒரு வாரம்தான் இருந்தது. மகள் பிறந்து வளர்ந்த வீடு. காலி செய்வதற்குள் அவள் வந்து நாலு நாள் தங்கணும் என்று எனக்கு ஆசை. அவளோ கடலோரத்தில் ஓர் அகழாய்வுக் குழியில் உட்கார்ந்து, ஈராயிரம் வருஷத்துக் கண்ணாடி மணிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். “லீவு இல்லப்பா” என்றாள். செத்துப்போனவர்கள் வீட்டையெல்லாம் தேடிக் கண்டுபிடிக்கிறவளுக்கு, உயிரோடிருக்கும் அப்பன் வீட்டுக்கு வழி தெரியவில்லை.

தோட்டத்துக் கறிவேப்பிலைக் கன்றை விட்டுப்போக மனசில்லாமல் தோண்டினேன். கடப்பாரையில் ‘ணங்’கென்று பட்டது. கழுவிப் பார்த்தால் உள்ளங்கை அகலத்துக்குப் பச்சைக் கண்ணாடிக் கட்டி, உள்ளே குமிழ் குமிழாக! மணி செய்த இடத்துக் கழிவு என்று மகள் போனில் காட்டிய படம் அச்சு அசல் இப்படித்தான் இருந்தது. அளவு தெரியப் பக்கத்தில் பத்து ரூபாய்க் காசை வைத்துப் படமெடுத்து அனுப்பினேன். நாமும் தொல்லியல்காரன்தானே!

“தோண்டாதீங்க. நாளைக்கு வரேன்” என்று பதில் வந்தது.

வந்தவள் தோள் பையைக்கூட இறக்கவில்லை. கட்டியை வெயிலில் பிடித்து, லென்ஸ் வைத்துப் பார்த்தாள். நான் மார்க்குக்குக் காத்திருப்பவன்போல நின்றேன்.

“அப்பா, பாய்லர்ல எத்தனை வருஷம் இருந்தீங்க?”

“முப்பத்திரெண்டு.”

“இது உங்க பாய்லர் கிளிங்கர்ப்பா.”

கிளிங்கர்! நிலக்கரிச் சாம்பல் உருகிக் குழாய்களில் அப்பி இறுகுகிற சனியன். ஷிப்ட் ஷிப்டாகக் கம்பியால் இடித்துத் தள்ளியவன் நான். எந்தக் காலத்திலோ பள்ளம் தூர்க்கக் கொட்டியிருப்பார்கள். அதைத்தான் ராத்திரி முழுக்கத் துண்டில் சுற்றித் தலைமாட்டில் வைத்திருந்தேன்.

“தெரிஞ்சேதான் வரவழைச்சாரு,” என்றாள் பண்ருட்டிக்காரியான என் மனைவி. “நேத்தெல்லாம் தனியா சிரிச்சிகினே இருந்தாரு.”

“கேடிப்பா நீங்க!” என்று மகளும் சிரித்துவிட்டுப் பையை இறக்கி வைத்தாள். பிறகு, அந்த வீட்டில் ஒருநாளும் கேட்காததைக் கேட்டாள். “அது ஏன்ப்பா உருகுது?”

“சாம்பல்ல சோடா உப்பு ஜாஸ்தியா இருந்தா சீக்கிரம் உருகிடும். மணலும் சேர்ந்தா கேக்கவே வேணாம்.”

“அதையேதான் அந்தக் காலத்துல மணி செஞ்சவங்களும் பண்ணாங்க! மணலையும் சோடா மண்ணையும் உருக்கி, மெல்லிசுக் குழாயா இழுத்து, துண்டு துண்டா நறுக்கி, முனை மழுங்கறதுக்குச் சாம்பலோட சட்டியில போட்டு மறுபடி சூடாக்குவாங்க.”

“சாம்பல் எதுக்கு?”

“ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்காம இருக்க.”

நாங்கள் வைதுகொண்டே இடித்துத் தள்ளியதை, அவர்கள் வேண்டுமென்றே செய்து, கோத்துக் கப்பலேற்றியிருக்கிறார்கள்.

சாவி கொடுக்கிறவரைக்கும் மகள் தங்கினாள். பாய்லரைப் பற்றிக் கேட்டுக்கொண்டே பாத்திரங்களைக் கட்டினாள். கிளம்பும்போது கட்டியை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, ‘அப்பா தோட்டம், ஓரடி ஆழம்’ என்று எழுதி எடுத்துக்கொண்டாள்.

அது கிளிங்கர் என்று எனக்கு நிஜமாகவே தெரியாது. ஆனால் மடையன் என்பதைவிடக் கேடி என்பது கௌரவமாக இருக்கிறதே! இன்றுவரை வீட்டில் வாயைத் திறக்கவில்லை.