நார்மல்காரரின் காது

வேலைக்குக் கிளம்பும்போது காதைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டுப் போக உங்களால் முடியுமா? அவரால் முடியும். பல வருஷமாக அந்த வித்தையைத்தான் செய்துகொண்டிருக்கிறார், மாதச் சம்பளத்துக்கு.

காலையில் கண்ணாடி முன் நின்று டை கட்டிக்கொண்டே, சமையலறைப் பக்கம் திரும்பாமல் சொல்வார்: "ஃப்ரிட்ஜ் பின்னாடி சுவத்துல இடிச்சிக்கிட்டு நடுங்குது பாரு. ஒரு சாண் முன்னாடி இழு." மனைவி இழுப்பார். நடுக்கம் நின்றுவிடும். துணி துவைக்கிற இயந்திரம் சுற்றத் தொடங்கிய உடனே, குளியலறையிலிருந்து குரல் வரும்: "உள்ள சில்லறைக் காசு கிடக்குது, நிறுத்து." நிறுத்திப் பார்த்தால் மகனின் கால்சட்டைப் பையில் காசு இருக்கும். ஒருமுறை சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டு மிக்ஸியைப் பற்றியும் தீர்ப்புச் சொன்னார். "அடியில ரப்பர் தேஞ்சு போச்சு. இன்னும் ரெண்டு வாரம் தாங்கினா பெரிசு." பத்து நாளில் மிக்ஸி படுத்துவிட்டது. "எங்க வீட்டு மிக்ஸியை உங்க வீட்டுக்காரர் எப்பங்க பார்த்தாரு?" என்று அந்த வீட்டம்மா சந்தேகத்தோடு விசாரித்ததை மனைவி இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்.

இப்படிப்பட்ட பாம்புச் செவிக்காரர், ஷோரூமின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனதும் செவிட்டுக் கல்லாகிவிடுவார்.

அங்கே அவர் சர்வீஸ் அட்வைசர். விலை உயர்ந்த, பெரிய பெரிய வண்டிகளை விற்கும் கம்பெனி. தரை முகம் பார்க்கலாம் போல இருக்கும். தோல் சோபா, காபி மெஷின், வாசனை பீய்ச்சும் டப்பா. வண்டியில் கோளாறு என்று வருகிறவர் முதலில் இவரிடம்தான் சொல்ல வேண்டும். இவர் சிரித்த முகத்தோடு முழுவதையும் கேட்பார். நடுவில் மறித்துப் பேசமாட்டார். கடைசியில் தலையை ஒருபக்கம் சாய்த்து, "இது நார்மல்தான் சார்" என்பார். கியர் மாறும்போது குலுங்குகிறதா? நார்மல். கீழே ஏதோ உறுமுகிறதா? இந்த மாடலுக்கே அது நார்மல். புகை வந்தால்கூட, மழைக்காலத்தில் கொஞ்சம் நார்மல். பட்டறையில் மெக்கானிக்குகள் அவருக்கு 'நார்மல்காரர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவருக்கும் தெரியும். கோபப்படுவதில்லை.

வாடிக்கையாளர் சொல்வதை எழுதிக்கொள்வதில் அவருக்குத் தனி நடை உண்டு. "டொக்குனு சத்தம் கேக்குது" என்று நீங்கள் சொன்னால், "சத்தம் கேட்பது போல் வாடிக்கையாளருக்குத் தோன்றுகிறது" என்று எழுதுவார். கேட்டதைத் தோன்றியதாக்க ஒரு வரி போதும். அந்த ஒரு வரியில் உங்கள் காது, உங்கள் புத்தி, உங்கள் பணம் மூன்றும் கற்பனையாகிவிடும்.

"உங்க காது வீட்டுல மட்டும் எப்படிங்க இப்படி வேலை செய்யுது?" என்று மனைவி ஒருநாள் கேட்டார்.

"இங்க கேக்கலைன்னா மெஷின் போயிடும். அங்க கேட்டா வேலை போயிடும்" என்றார் அவர், சாப்பிட்டுக்கொண்டே.

அதில் பொய் இல்லை. வாரண்டியில் பழுது பார்த்தால் கம்பெனிக்குச் செலவு. செலவு கூடினால் மேனேஜர் கூப்பிடுவார். கூப்பிட்டு, "என்னய்யா, எல்லாரோட சத்தமும் உனக்கே கேக்குதா?" என்பார். அப்படி இரண்டு முறை கேட்கப்பட்டபிறகு அவர் காது பக்குவப்பட்டுவிட்டது. "நான் பொய்யே சொல்றதில்ல" என்று பெருமையாகவே சொல்வார். "சத்தம் இல்லைன்னு நான் என்னைக்காவது சொல்லியிருக்கேனா? எனக்குக் கேக்கலைன்னுதான் சொல்றேன்." சட்டம் படித்த வக்கீல்கூட இவ்வளவு நுணுக்கமாகத் தப்பிக்க முடியாது.

கேட்காமலிருப்பதற்கு அவர் ஒரு பாதையும் வைத்திருக்கிறார். வாடிக்கையாளரை ஏற்றிக்கொண்டு சோதனை ஓட்டம் போகிற பாதை அது. வாசலில் கிளம்பி, இடது, இடது, இடது, மறுபடி இடது, திரும்ப வாசல். வழி முழுக்கப் புதிதாகத் தார் போட்ட சமதளம். மேடு இல்லை, பள்ளம் இல்லை, வலது திருப்பம் என்பதே இல்லை. எஞ்சின் சூடாவதற்குள் ஓட்டம் முடிந்துவிடும். பட்டறையில் அதற்கு 'லூப்பு' என்று பெயர். லூப்பில் இதுவரை எந்த வண்டிக்கும் நோய் கண்டதில்லை. போதாததற்கு வழியெல்லாம் பேசிக்கொண்டே வருவார். "சீட்டுல மசாஜ் இருக்கே, போட்டுப் பார்த்தீங்களா மேடம்? கூரை லைட்டுல முப்பது கலர் வரும் சார்." பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது பழைய காலம், இவர் பேச்சில் மறைப்பார்.

பல் டாக்டரம்மா ஒருவர் தன் வண்டியோடு முதல் தடவை வந்தபோது கணவரும் கூட வந்திருந்தார். டாக்டரம்மா தெளிவாகத்தான் சொன்னார். "வண்டி நல்லா சூடானப்புறம், மேடு ஏறிக்கிட்டே வலது பக்கம் திரும்பினா, அடியில டொக்குனு ஒரு இடி. அதோட ஒரு நொடி வண்டி இழுக்கிறதையே விட்டுடுது. ஆக்ஸிலேட்டரை மிதிச்சா எஞ்சின் கத்துது, வண்டி நகரல."

நார்மல்காரர் முழுவதையும் கேட்டுக்கொண்டு கணவர் பக்கம் திரும்பினார். "சார், நீங்க எந்த மோட்ல ஓட்டுறீங்க?"

"எனக்கு ஓட்டவே தெரியாதுங்க" என்றார் கணவர். "பக்கத்துல உட்கார்ந்து பயப்படுறது மட்டும்தான் என் வேலை."

"அப்ப மேடம் ஓட்டுற ஸ்டைல்தான் சார்" என்று அதையும் கணவரிடமே சொன்னார்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று நாம் காலகாலமாகச் சொல்லிச் சிரிக்கிறோம். கூடம் கோணலா இல்லையா என்று ஒருவராவது ரசமட்டம் வைத்துப் பார்த்தோமா? ஆடியவள் பெண் என்பதே போதுமான சாட்சியாக இருந்துவிட்டது.

இவ்வளவு விலை கொடுத்து வண்டி வாங்கியவருக்கு என்ன பெரிய அநீதி என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் உண்டு. அவர்கள் ஒன்றை யோசிக்கட்டும். காசும் படிப்பும் உள்ள ஒருத்தியின் சொல்லே அந்தத் தோல் சோபாவைத் தாண்டவில்லை என்றால், கடன் வாங்கி ஸ்கூட்டர் ஓட்டுகிறவளின் சொல் எந்த வாசலில் நிற்கும்?

இரண்டாம் முறை டாக்டரம்மா தனியாக வந்தார். லூப்பு போட்டார்கள். பிறகு வண்டியைக் கம்ப்யூட்டரில் மாட்டினார்கள். "எர்ரர் ஒண்ணுமே இல்ல மேடம். வண்டி ஆரோக்கியமா இருக்கு" என்றார் நார்மல்காரர், பிரசவ வார்டு நர்ஸ் மாதிரி முகத்தை மலர்த்திக்கொண்டு.

"என்கிட்ட வர்றவங்கள்ல சிலருக்கும் எக்ஸ்ரேல ஒண்ணும் தெரியாதுங்க. பாதிப் பேருக்கு கிளினிக் வாசப்படி மிதிச்சதும் வலி நின்னுடும். அதுக்காக, உங்க பல்லு நார்மல், போயிட்டு வாங்கன்னு அனுப்பிடுவேனா?"

நார்மல்காரர் சிரித்தார். உள்ளுக்குள் அந்த நியாயம் அவருக்குப் பிடித்துக்கூட இருந்தது. ஆனாலும் 'தோன்றுகிறது' என்றே எழுதினார். சாமி சொன்னால்தான் உண்டு என்றிருந்தவர்களைக் கேலி செய்துவிட்டு, கம்ப்யூட்டர் சொன்னால்தான் உண்டு என்று உட்கார்ந்திருக்கிறோம். கும்பிடும் இடம் மாறியது, கும்பிடு மாறவில்லை.

மூன்றாம் முறை டாக்டரம்மா வந்தபோது வாரண்டி முடிய ஒரு வாரம்கூட இல்லை. இந்த முறையும் 'கோளாறு காணப்படவில்லை' என்று எழுதப்பட்டால், பிறகு செலவெல்லாம் அவர் தலையில். டாக்டரம்மா உட்காரவில்லை. காபி வேண்டாமென்றார்.

"நேத்து நாற்சந்தியில வலது பக்கம் திரும்பி மேடு ஏறும்போது நடு ரோட்டுல நின்னுடுச்சு. எதிர்ல லாரி. அவன் பிரேக் போட்டதால உங்ககிட்ட நின்னு பேசிக்கிட்டிருக்கேன்."

"மேடம், வாங்க, ஒரு லூப்பு போயிட்டு..."

"லூப்பு வேண்டாம். நான் ஓட்டுறேன், நீங்க வாங்க. கேக்கலைன்னு எழுதுறதா இருந்தா தாராளமா எழுதுங்க, நான் சண்டை போடமாட்டேன். ஆனா பின்சீட்ல உட்கார்ந்து எழுதுங்க. என் பொண்ணு அங்கதான் உட்காருவா."

மறுக்க ஒரு வழி தேடினார், கிடைக்கவில்லை. பின்கதவைத் திறந்தார். குழந்தைக்கான சின்ன இருக்கை ஒன்று வார்களோடு மாட்டியிருந்தது. அதற்குப் பக்கத்தில் முழங்காலை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

பழக்கம் விடுமா? வண்டி கிளம்பியதும் ஆரம்பித்தார். "பின்சீட்டுக்குத் தனி ஏசி மேடம் இதுல. அப்புறம் இந்தத் திரை இருக்கே..."

"நாள் முழுக்க எல்லார்கிட்டயும் வாயைத் திறங்கன்னு கேக்கிற ஆளு நான்" என்றார் டாக்டரம்மா, சாலையிலிருந்து கண்ணெடுக்காமல். "உங்ககிட்ட மட்டும் மூடுங்கன்னு கேக்கறேன்."

மூடினார். வாய் மூடியதும் வண்டிக்குள் இவ்வளவு சத்தம் உண்டா என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. டாக்டரம்மா ஊரை ஒரு சுற்றுச் சுற்றி எஞ்சினைச் சூடாக்கிவிட்டு, தண்ணீர்த் தொட்டி இருக்கிற மேட்டுத் தெருவுக்கு வந்தார். ஏற்றம் தொடங்கும் இடத்திலேயே வலது பக்கம் ஒரு வளைவு. மெதுவாக, மிக ஒழுங்காகத் திருப்பினார்.

டொக்.

உட்கார்ந்திருந்த இடத்துக்கு அடியிலிருந்து யாரோ சுத்தியலால் அடித்தது போல இருந்தது. எஞ்சின் கத்தியது, வண்டி போகவில்லை. போகாதது மட்டுமல்ல, ஒரு முழம் பின்னால் சரிந்தது. பின்னால் வந்த சைக்கிள்காரர் ஹேண்டிலை ஒடித்துக்கொண்டு ஒதுங்கினார். நார்மல்காரரின் கை தன்னையறியாமல் பக்கத்திலிருந்த சின்ன இருக்கையைப் பிடித்துக்கொண்டது. மறு நொடி வண்டி ஒரு உதறலோடு மேலே ஏறியது.

 டாக்டரம்மா பின்பக்கம் காட்டும் கண்ணாடியில்கூட அவரைப் பார்க்கவில்லை.

அந்த நேரம் பார்த்து மேனேஜரின் போன். வண்டி ஓரமாக நின்றது.

"என்னய்யா, லூப்பு முடிஞ்சுதா? அந்தம்மா கதையை முடிச்சு அனுப்பு."

"சார், சத்தம் வருது சார்."

"யாருக்கு வருது?"

"எனக்கு வருது சார். வண்டி இழுக்காம பின்னாடி போகுது. மேடம் ஓட்டுற ஸ்டைல் இல்ல சார் இது. என்னைவிட நல்லா ஓட்டுறாங்க."

 மேனேஜர் சொன்னது டாக்டரம்மாவுக்கும் கேட்டது. "சத்தம் வருதுன்னா எங்கேருந்து வருதுன்னு சொல்லு. முன்னாடியும் பின்னாடியும் இழுவையைப் பிரிச்சுக் குடுக்கிற பெட்டியா, பின் அச்சா? பெட்டின்னா புதுப் பெட்டி கேட்டு வண்டி செஞ்ச கம்பெனிக்கு எழுதுவேன், அச்சுன்னா அச்சைக் கேட்டு எழுதுவேன். குத்துமதிப்பா எழுதினா கம்பெனிக்காரன் மூஞ்சியில விட்டெறிவான், வாரண்டியும் முடிஞ்சிடும். சொல்ல முடியலைன்னா, காணப்படலைன்னு போட்டுட்டு வந்துடு." போன் நின்றது.

காணப்படலைன்னு போட நார்மல்காரருக்குக் கை பழகியிருந்தது. டாக்டரம்மா அப்போதுதான் முதல்முறையாகத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னொரு தடவை ஏறுங்க மேடம்" என்றார் அவர்.

ஏறினார்கள். டொக் வந்தது. கண்ணை இடுக்கிக்கொண்டு யோசித்தார். "பெட்டி மாதிரியும் இருக்கு, அச்சு மாதிரியும் இருக்கு. உள்ள கார்ப்பெட்டு, பஞ்சுன்னு போட்டு எல்லாத்தையும் அமுக்கி வச்சிருக்கானுங்க. சத்தமே வரக்கூடாதுன்னு செஞ்ச வண்டி மேடம் இது." சொல்லிவிட்டு, தானே கொஞ்சம் வெட்கப்பட்டது போலிருந்தது. "இன்னொரு தடவை. ஏசியை நிறுத்திடுங்க."

கீழே போய்த் திரும்பி வந்தார்கள். ஏற்றம் தொடங்குவதற்கு முன் பின்சன்னல் கண்ணாடி முழுவதும் இறங்கியது. நார்மல்காரர் டையை எடுத்து முதுகுப்பக்கம் போட்டுக்கொண்டார். இடுப்பு வரை வெளியே சாய்ந்து, ஒரு கையால் கூரைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, காதைப் பின்சக்கரத்துக்கு நேராகக் கொண்டுபோனார். கண்ணை மூடினார். டாக்டரம்மா நடக்கிற வேகத்தில் ஏறத் தொடங்கினார். பின்னால் வந்த வேன்காரர் பொறுமை இழந்து ஹாரனை அமுக்கி எடுத்தார். நார்மல்காரர் கண்ணைத் திறக்காமலே கையை மட்டும் பின்பக்கம் உயர்த்தி, கொஞ்சம் இருங்க என்று காட்டினார்.

உங்கள் ஊரிலும் ஏதாவது ஒரு மேட்டில், ஒரு பெரிய வண்டியின் சன்னலிலிருந்து டை கட்டிய மனிதர் ஒருவர் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு போவதைப் பார்த்தால், தயவுசெய்து ஹாரன் அடிக்காதீர்கள். உங்கள் எஞ்சினையும் ஒரு நிமிஷம் அணைத்துவிடுங்கள். அவர் கேட்டு முடிக்கட்டும்.