கிழக்குப் பக்கத்துப் படி

ஆக்னஸுக்கு மூக்குக்கு மேல் கோபம் என்று தெருவில் பேசிக்கொள்வார்கள். தெரியாதவர்கள் பேச்சு. கோபமென்றால் நாலு கத்து கத்திவிட்டு ஒரு டீ குடித்தால் இறங்கிவிடும். ஆக்னஸுக்கு வருவது அருவருப்பு. வந்தால் லேசில் போகாது; சோற்றில் கை வைக்கும்போதுகூட எதிரில் வந்து நிற்கும். அதை வரவழைக்க விருத்தாசலத்தில் ஆள் பஞ்சமும் கிடையாது.

பீங்கான் தொழிற்பேட்டையில் ஒரு பொம்மை கம்பெனியில் அவளுக்கு வேலை. அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சுடாத பச்சைப் பொம்மைகளின் ஓரப் பிசிறைக் கத்தியால் சுரண்டி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்து, சூளைக்கு அனுப்ப வேண்டும். ஒரு நாளைக்கு இருநூறு பொம்மை. எல்லாவற்றுக்கும் ஒரே மூஞ்சி, ஒரே இளிப்பு. பதினோரு வருஷம் அந்த இளிப்பைத் துடைத்துத் துடைத்து, காரணமில்லாமல் சிரிக்கிற மனுஷர்களைக் கண்டாலே அவளுக்குக் குமட்டும்.

தம்பி சாவியோ சிங்கப்பூரில் இருந்தான். 2002-இல் லீவுக்கு வந்தபோது, அக்கா மகள் பிரின்சிக்கென்று ஒரு பெட்டி நிறைய பிளாஸ்டிக் கட்டைகள் கொண்டுவந்தான். ஒவ்வொரு கட்டையின் தலையிலும் வரிசையாகக் குமிழ்கள். ஒன்றின்மேல் ஒன்றை வைத்து அழுத்தினால் டக்கென்று கவ்விக்கொள்ளும். பசையும் வேண்டாம், ஆணியும் வேண்டாம். நாலு வயது பிரின்சி ஒரு கட்டையைக் கடித்துப் பார்த்துவிட்டு விளையாடப் போய்விட்டாள். உட்கார்ந்தது ஆக்னஸ். அந்த ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக்கூட எழுந்திருக்கவில்லை. சாயங்காலம் கணவன் ஆசீர்வாதம் வந்து பார்த்தபோது, ரயில் ஜங்ஷனின் நடைமேம்பாலம் வீட்டுத் தரையில் நின்றது. ஆசீர்வாதம் ஜங்ஷனில் மூட்டை தூக்குகிறவர், தினமும் அதில் ஏறி இறங்குகிறவர். குனிந்து படிகளை எண்ணிப் பார்த்தார். ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அவள் கணக்கு எளிமையானது. ஒரு குமிழுக்கு ஒரு சாண். எதைக் கட்டுவதாக இருந்தாலும் முதலில் நேரில் போய், சுவரோடு சுவராகத் தன் கையாலேயே சாண் போட்டு அளப்பாள். நாய் துரத்தினாலும் வாட்ச்மேன் துரத்தினாலும் அளந்து முடிக்காமல் வரமாட்டாள். "இருக்கறத கட்டுவேன். இல்லாதத கட்டமாட்டேன்" என்பது அவள் முதலும் கடைசியுமாகச் சொல்கிற பேச்சு.

சாவியோ வருஷா வருஷம் பெட்டி பெட்டியாக அனுப்பினான். கூட்ஸ் வண்டி, தண்ணீர் டேங்க், சர்ச் என்று ஒவ்வொன்றாக எழும்ப, ஆர்டரும் வந்தது. ஆர்டரோடு அசிங்கமும் வந்தது. துபாய் மாப்பிள்ளைக்குக் கல்யாணப் பரிசாக விமானம் கேட்டார் ஒருவர். பொண்ணும் மாப்பிள்ளையும் ஆளுக்கொரு இறக்கைமேல் உட்கார்ந்திருக்க வேண்டுமாம். "றெக்க மேல உக்காந்து போனா துபாய் போவாங்களா, மேல போவாங்களா?" என்று கேட்டு அவரை வாசலோடு அனுப்பினாள். ஒரு நகைக்கடைக்காரர் தன் கடையின் மாடலை வாங்கிப்போய், திருஷ்டி படக்கூடாதென்று அதன் உச்சியில் எலுமிச்சம்பழத்தை ஆணியடித்து மாட்டினார். அடுத்த வாரம் பழம் அழுகிச் சாறு வழிந்து, ஜன்னலெல்லாம் எறும்பு மொய்த்தது. அதைப் பார்த்துவிட்டு வந்த அன்று ஆக்னஸ் சாப்பிடவில்லை.

2006-இல் மாணிக்கவேல் வந்தார். கடலூர் ரோட்டில் உள்ள ஒரு இங்கிலீஷ் மீடியம் ஸ்கூலின் தாளாளர். ஸ்கூலின் பேரை இங்கே எழுதினால் அதற்கு ஒரு மரியாதை வந்துவிடும், வேண்டாம். பிரின்சி அங்கேதான் மூணாம் வகுப்பு, ரெண்டாவது மாடியில்.

"ஆக்னஸம்மா, நம்ம ஸ்கூல அப்படியே தத்ரூபமா செஞ்சி குடுங்க. ஆபீஸ்ல வைக்கணும். பாப்பாவுக்கு இந்த வருஷம் ஃபீஸே வேணாம்."

அவர் கொண்டுவந்த பிளானில் மாடிக்கு ரெண்டு படிக்கட்டு இருந்தது. ஆக்னஸ் போய் அளந்தபோது ஒன்றுதான் இருந்தது. அதுவும் அகலம் நாலே சாண். அறுநூறு பிள்ளைகளுக்கு அது ஒன்றுதான் வழி. கேட்டதற்கு மாணிக்கவேல் அவளைக் கிழக்குப் பக்கம் கூட்டிப்போய் ஒரு குழியைக் காட்டினார்.

"பாருங்க, கடகாலு தோண்டியாச்சு. அடுத்த மாசம் படி ஏறிடும். மாடல்ல இப்பவே வச்சிடுங்க."

பிளானும் இருக்கிறது, குழியும் இருக்கிறது, வரப்போகிற படிதானே என்று ஆக்னஸ் வேலையில் இறங்கிவிட்டாள். அவள் ஆயுசில் இல்லாததைக் கட்டியது அந்த ஒரு தடவைதான்.

நாலு மாதம் பிடித்தது. ஒவ்வொரு மாடியும் தனியாகத் தூக்கி எடுக்கிற மாதிரி கட்டினாள். உள்ளே பெஞ்சு, கரும்பலகை, குழாயடி எல்லாம் இருந்தன. கொண்டுபோய் வைத்த அன்று கிழக்குப் பக்கம் எட்டிப் பார்த்தாள். படி ஏறவில்லை. குழி நிறையக் குப்பை. மிச்சச் சோறும் பேப்பரும் கிடந்து நாறியது. ஒரு நாய் அதில் இறங்கிக் கிளறிக்கொண்டிருந்தது.

"மழை விட்டதும் ஆரம்பிக்கறோம்" என்றார் மாணிக்கவேல், அந்தப் பொம்மை இளிப்போடு.

பள்ளிக்கூடக் கட்டடங்களில் தீப்பிடித்தால் பிள்ளைகள் இறங்க வழி இருக்கிறதா என்று அதிகாரிகள் ஊர் ஊராகப் போய்ச் சோதித்துக்கொண்டிருந்த காலம் அது. ஒரு புதன்கிழமை மத்தியானம் ஸ்கூலிலிருந்து கம்பெனிக்கு ஆள் அனுப்பி ஆக்னஸை அழைத்தார்கள். மாடலை வந்து விளக்க வேண்டுமாம். ஸ்பாஞ்சு ஈரம் காயாத கையோடு போனாள். ஏசி ரூமில் அதிகாரி உட்கார்ந்து இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். எதிரில் முந்திரிப் பருப்பு, அப்புறம் அவளுடைய மாடல். அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. இந்த மனுஷர் மாடி ஏறப்போவதில்லை. பார்க்க வேண்டியதையெல்லாம் நாற்காலியிலிருந்தே பார்த்துவிட்டார்.

"நீங்கதான் செஞ்சீங்களாம்மா? பிரமாதம். படிக்கட்டு எத்தினி?"

மாணிக்கவேல் அவளைப் பார்த்தார். ஃபீஸ் ஞாபகம் வந்தது. பிரின்சி ஞாபகமும் வந்தது.

"இதுல ரெண்டு சார். ஸ்கூல்ல ஒண்ணுதான் இருக்குது."

அதிகாரி ஒரு முந்திரியை வாயில் போட்டுக்கொண்டார். "நான் இதத்தாம்மா கேட்டேன்" என்றார். ஃபாரத்தில் ரெண்டு என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். பிறகு விரலை நக்கிக்கொண்டே, "எம்பையனுக்கு ஒரு ரயிலு செஞ்சி தர முடியுமா?" என்று கேட்டார்.

ஆக்னஸுக்கு அருவருப்பு வந்தது. அந்த ஆளைவிடத் தன் கையைப் பார்த்துத்தான் அதிகம் வந்தது. குமிழ் எண்ணி, கைப்பிடி வைத்து, எவ்வளவு அழகாகக் கட்டிக் கொடுத்திருக்கிறாள் அந்தப் பொய்யை! அவர் ஜீப் ஏறிப் போனதும், கிழக்குப் பக்கத்துப் படியைப் பிடித்து இழுத்தாள். முழுசாகக் கழன்று வந்தது. அதை மேஜைமேல் வைத்துவிட்டு மாடலைப் பலகையோடு தூக்கினாள். "எங்க எடுத்துகிட்டுப் போறீங்க?" என்று மாணிக்கவேல் பின்னாலேயே வந்தார். மணி நாலு. கேட்டில் பெற்றவர்கள் சைக்கிளும் டூ வீலருமாக நின்றார்கள். அவர்கள் எதிரில் பிடுங்க முடியாமல் அவர் வராண்டாவிலேயே நின்றுவிட்டார்.

ஆக்னஸ் மாடலைக் கேட்டுக்கு வெளியே தரையில் வைத்து, கூரையைக் கழற்றினாள். "வந்து பாருங்க. இதான் உங்க புள்ளைங்க உக்காந்திருக்கற எடம். எறங்கறதுக்கு இது ஒண்ணுதான் வழி. வெரல உட்டுப் பாருங்க" என்றாள்.

பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் பேசினார்களே, அதைக் கேட்க ஒரு பொறுமை வேண்டும். "நாங்க படிச்ச ஸ்கூல்ல கூரையே கெடையாது" என்றார் ஒருவர். "இங்க இங்கிலீஷு நல்லா வருதுங்க" என்றார் இன்னொருவர். "இதே மாதிரி ஒரு பிளேன் செஞ்சி தருவீங்களா?" என்று கேட்டவரும் உண்டு. ஆக்னஸுக்கு எல்லாரையும் சேர்த்து ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவலாம் போலிருந்தது.

கம்மாபுரத்திலிருந்து வந்து பிள்ளையை அழைத்துப் போகிற நீலாவதி மட்டும் உட்கார்ந்தாள். படிக்கட்டுக்குள் ரெண்டு விரலை விட்டாள். இடம் சரியாக இருந்தது. மூணாவது விரலையும் சேர்த்தாள். நுழையவில்லை. அழுத்திப் பார்த்தாள், சுவர் பிதுங்கியது. எழுந்து ஆபீசுக்குள் போனாள். அவள் பின்னால் இன்னும் ஏழெட்டுப் பேர் போனார்கள்.

அன்றைக்கு உள்ளே என்ன நடந்ததோ, மூணாம் மாதம் கிழக்குச் சுவரில் இரும்புப் படி வந்துவிட்டது. பச்சை பெயிண்ட் அடித்து, பூசை போட்டு, மாணிக்கவேல் அதன்மேல் நின்று போட்டோவும் எடுத்துக்கொண்டார். அத்தனை பேர் பார்த்திருக்கையில் பிரின்சியை வெளியே அனுப்ப அவருக்குத் துணிச்சல் இல்லை. ஃபீஸை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார். "வுடு, படி வந்துடுச்சுல்ல" என்றார் ஆசீர்வாதம்.

ஆக்னஸ் ஒரு நாள் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டுப் படியை அளக்கப் போனாள். அகலம் ஆறு சாண். நல்ல கனமான தகடு, ஆட்டமில்லை. எண்ணிக்கொண்டே ஏறினாள், மொத்தம் நாற்பது. ரெண்டாவது மாடிக் கதவுக்கு வெளியே சங்கிலி போட்டு ஒரு பூட்டு தொங்கியது. கீழே வந்து வாட்ச்மேன் கலியமூர்த்தியைக் கேட்டாள்.

"பசங்க வெளிய ஓடிடுறாங்கம்மா. அதான் பூட்டி வச்சிருக்குது."

"சாவி எங்க?"

"சாரு வச்சிருக்காரு."

"சாரு எங்க?"

"மெட்ராஸ் போயிருக்காருங்க. நாளைக்குத்தான் வருவாரு."

ஆக்னஸ் மறுபடியும் நாற்பது படி ஏறினாள். பூட்டை ரெண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். கதவுக்கு அந்தப் பக்கம், கை எட்டுகிற தூரத்தில், பிரின்சியின் வகுப்பு ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தது.