என் வீட்டுக்காரரின் மான் கொல்லை

என் தோட்டத்தைச் சுற்றி எட்டடி உயரத்துக்குக் கம்பிவேலி இருக்கிறது. மான் வராமல் இருக்க என் வீட்டுக்காரர் எல்ராய் போட்டது. அதே வீட்டில், அதே மனிதர், காட்டுக்குப் பின்னால் இருக்கும் இரண்டு ஏக்கரில் மான் வரவேண்டும் என்று பதினோரு வருஷமாக விதைக்கிறார். மான்கள் என்ன செய்யும்? பகலில் என் வேலியைத் தாண்டிக் குதித்து பீன்ஸைத் தின்றுவிட்டு, நடுராத்திரிக்கு மேல் அவர் கொல்லைக்குப் போகும். இந்த வீட்டில் நான் எப்படி வாயை மூடிக்கொண்டு இருப்பது?

எல்ராய் இந்தப் பண்ணையிலேயே பிறந்தவர். நாற்பது வருஷம் பால் கறந்தார். மாடுகளை விற்ற மறு வசந்தத்தில் சும்மா உட்கார முடியாமல் ஆரம்பித்ததுதான் மான் கொல்லை. எங்கள் விஸ்கான்சின் பக்கத்தில் இதில் அதிசயம் ஒன்றும் இல்லை, ஊரில் பாதிப் பேருக்கு இந்தக் கிறுக்கு உண்டு. மற்றவர்கள் நவம்பரில் சுடுவதற்காக விதைக்கிறார்கள். இவர் முதலில் அப்படித்தான் சொன்னார். பதினோரு வருஷத்தில் அந்தக் கொல்லையில் ஒரு குண்டு வெடித்ததில்லை.

முதல் வருஷம் மண்ணைச் சோதிக்காமல் க்ளோவர் என்ற தீவனப் பயிரை விதைத்தார், மஞ்சளாகிச் செத்தது. மண் புளிப்பு, சுண்ணாம்பு போட்டால்தான் சரியாகும் என்றார்கள். எண்பது மூட்டை சுண்ணாம்பை, காட்டுப் பாதையில் ஓட்டும் சின்ன நாலு சக்கர வண்டியில் வைத்து இரண்டு மேடு ஏற்றினோம். 'ஏற்றினோம்' என்றால் நானும்தான். என் இடுப்பு அன்றைக்குப் போனது. அப்புறம் டர்னிப் கிழங்கு போட்டார். அது நன்றாக விளைந்து, முட்டைக்கோஸ் அளவுக்கு இலை விட்டது. எங்கள் மான்களுக்கோ அதைத் தின்னலாம் என்றே தெரியவில்லை. இரண்டு குளிர்காலம் அப்படியே கிடந்து அழுகியது. பக்கத்துப் பண்ணை நார்பர்ட், சர்ச்சுக்கு வந்த எல்லார் முன்னாலும் கேட்டான்.

"எல்ராய், உன் காட்டுப் பக்கம் எதாவது செத்துக் கிடக்கா? காத்து அடிச்சா எங்க மாடுக பால் குடுக்க மாட்டேங்குது."

"டர்னிப்புடா."

"மானுக்குப் போட்டியா, மானை விரட்டப் போட்டியா?"

நாலாம் வருஷம் மான்கள் ருசி கண்டுகொண்டன. கொல்லை நடுவே இவர் ஒரு கம்பிக் கூண்டு வைத்திருந்தார். கூண்டுக்குள் இருக்கும் பயிரை மான் தொட முடியாது. உள்ளே முழங்கால் உயரம், வெளியே மொட்டை. அந்த வித்தியாசத்தை அளக்க அளவுகோலோடு போய், திரும்பி வந்து, பேத்தி பிறந்த செய்தி மாதிரி சொல்வார். ஆனால் மரத்தில் கட்டியிருந்த கேமராவில் எல்லாப் படமும் இரவு இரண்டு மணி, மூன்று மணி. பகலில் ஒரு மான்கூட இல்லை.

காரணம் எனக்கு முதல் வருஷமே தெரியும். இவர்தான் காரணம். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை போய்விடுவார். களை பிடுங்குவார், கேமராவைப் பார்ப்பார், கூண்டை அளப்பார், இலையைத் தடவிப் பார்ப்பார். மனித வாடை இப்படி அடிக்கும் இடத்துக்கு எந்த மான் பகலில் வரும்? நான் சொன்னால் காதில் விழாது. நார்பர்ட் சொன்னாலும் விழாது. ஒரு நாள் மட்டும் பதில் வந்தது: "போகாம இருந்தா அங்க என்ன நடக்குதுன்னு எப்படித் தெரியும்?" இந்த ஆளிடம் என்ன பேசுவது.

போன ஏப்ரலில் கண் டாக்டர் விஷயத்தை உடைத்தார். எல்ராய்க்கு இடது கண் மூன்று வருஷம் முன்பே போய்விட்டது. இப்போது வலது கண்ணிலும் அதே கோளாறு. மாதம் ஒரு ஊசி போடலாம், ஆனால் கிறிஸ்துமஸ் வரை பார்வை நிற்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான்தான் ஓட்டினேன். எங்கள் தபால்பெட்டி அருகே திரும்பும்போது சொன்னார்.

"பெவ், பகல் வெளிச்சத்துல, என் கொல்லைல மான் மேயறத ஒரே ஒரு தடவ பாத்துட்டா போதும்."

கண் போகப்போகிற மனிதர் பார்க்க ஆசைப்படுவது மானை. என்னைப் பார்க்கவேண்டும் என்று சொல்லவில்லை, அரிசோனாவில் இருக்கும் மகளையும் சொல்லவில்லை. எனக்கு வந்த கோபத்தில் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் யோசித்தேன். சரி, கேட்டது ஒன்றுதான், அதைக் கொடுத்துத் தொலைப்போம்.

செப்டம்பர் கடைசியில் பயிர் நன்றாக நின்றபோது, நாலு சக்கர வண்டியின் சாவியை எடுத்து என் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். அவர் முழங்காலுக்கு இரண்டு மேடு ஏறி நடந்து போக முடியாது.

"இந்தாய்யா, நல்லாக் கேட்டுக்க. நவம்பர் முதல் வாரம் வரைக்கும் நீ அங்க காலு வைக்கக்கூடாது. ஆறு வாரம். வாடையே இருக்கக்கூடாது. அப்புறம் நானே உன்னைக் கூட்டிட்டுப் போறேன்."

"ஆறு வாரமா? என் கண்ணு..."

"கண்ணு இருக்கும்போதே பாக்கணும்னுதான் சொல்றேன். துப்பாக்கி சீசன் ஆரம்பிச்சுட்டா ஒண்ணும் பகல்ல வராது. நீ போய்ப் போய்த்தான் பத்து வருஷம் பாழாப்போச்சு."

முதல் வாரம் சண்டை. சமையலறைக்கும் ஜன்னலுக்குமாக நடந்து என் உயிரை வாங்கினார். இரண்டாம் வாரத்திலிருந்து அடங்கிவிட்டார். செய்தித்தாளைத் தொடவில்லை. காபியைச் சிந்தினார். கேமரா படங்கள் என் போனுக்கு வரும். அக்டோபர் நடுவில் பகல் நாலு மணிக்கு மூன்று பெட்டை மான்கள் வந்த படத்தை ஆசையாகக் காட்டினேன்.

"நீயே பாத்துச் சொல்லு," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சாவிக்காக முறுக்கிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன். எழுபத்தொரு வயதில் இப்படி ஒரு முறுக்கு. ஊசி போடப் போன அன்று டாக்டர் அறைக்குத் தனியாகத்தான் போவேன் என்று அடம்பிடித்தார். வெளியே வந்ததும் என்ன சொன்னார் என்று கேட்டேன். "அப்படியேதான் இருக்காம்," என்றார். அவ்வளவுதான்.

நவம்பர் ஐந்தாம் தேதி காற்று வடமேற்கிலிருந்து அடித்தது. கொல்லையிலிருந்து, அதன் ஓரத்தில் மான் பார்க்க அடித்து வைத்த எங்கள் பரணை நோக்கி வரும் காற்று, எங்கள் வாடை அந்தப் பக்கம் போகாது. வண்டியைக் கடைசி மேட்டுக்குக் கீழேயே நிறுத்திவிட்டு, அவர் கையைப் பிடித்து மெதுவாக ஏற்றினேன். பலகையால் அடித்த சின்னப் பெட்டிதான் பரண், ஒரு பக்கம் ஜன்னல், இரண்டு நாற்காலி. இரண்டே முக்காலுக்கு உட்கார்ந்தோம். மூன்றரைக்கு முதல் மான் வந்தது.

அப்புறம் ஒவ்வொன்றாக ஓக் மரங்களுக்கு நடுவிலிருந்து வந்தன. நல்ல வெயில். வாலை ஆட்டிக்கொண்டு, பயமே இல்லாமல், டர்னிப்பைக் கிழங்கோடு இழுத்துக் கடித்தன. பதினோரு வருஷம் திட்டின எனக்கே பார்க்க ஆசையாக இருந்தது. சந்தோஷமாக அவரைத் திரும்பிப் பார்த்தேன். மனிதர் ஜன்னலை விட்டுவிட்டுப் பலகைச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தேன்.

"யோவ், உனக்கென்ன பைத்தியமா? இதுக்குத்தானே இத்தனை பாடு. மானு அங்க நிக்குது, நீ எங்க பாக்கற?"

"பாத்துட்டுத்தான் இருக்கேன்."

"சுவத்தையா?"

"நேராப் பாத்தா நடுவுல ஒண்ணும் இல்ல, பெவ். இருட்டா இருக்கு. இப்படித் திரும்பினாத்தான் ஓரத்துல என்னமோ அசையறது தெரியுது. பழுப்பா. அதுதானே?"

"எப்பலேர்ந்து?"

"நீ சாவிய எடுத்த ரெண்டாவது வாரம்."

அந்த முதல் வாரம் முழுக்க அவருக்குக் கண் தெரிந்திருக்கிறது. அந்த ஏழு நாளும் அவரை ஜன்னலுக்கு உள்ளே பூட்டி வைத்தவள் நான்.

"ஏன்யா சொல்லல? சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா நீ சாவியக் குடுத்திருப்ப. நான் தினமும் வந்து நின்னிருப்பேன். இதுங்க வந்திருக்காது."

அவரை ஓங்கி ஒரு அறை விடவேண்டும்போல் இருந்தது. கையைப் பிடித்துக்கொண்டேன். சத்தம் போட்டு அழ முடியாது, மான் ஓடிவிடும். மூக்கைக் கையுறையால் அழுத்திக்கொண்டேன்.

"எத்தன?" என்றார். "மெதுவா எண்ணிச் சொல்லு."

"ஒம்பது. இல்ல, பத்து."

"எல்லாம் டர்னிப் பக்கமா?"

"நாலு க்ளோவர்ல நிக்குது. கிழக்கு ஓரத்துல."

"அங்கதான் சுண்ணாம்பு பத்தலைன்னு நெனச்சேன்," என்றார். "ஆண்மான் எதாவது இருக்கா?"

ஓக் மரங்களுக்கு அடியில் ஒன்று நின்றது. கொம்பு அகலமாக, கழுத்து பருத்து, காற்றை மோந்துகொண்டு.

"இருக்கு. பெருசு. இப்பத்தான் வெளிய வருது."

அதைப் பார்ப்பதற்காக எல்ராய் முகத்தை மறுபடியும் சுவர்ப் பக்கம் திருப்பினார்.