அம்மா ஓட்டிவிட்ட இடம்

படங்களைப் பற்றி நான் எழுதுவதை வாசிப்பவர்கள், "நீர் ஒண்டையுமே நம்பமாட்டீரோ?" என்று கேட்கிறார்கள். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். படம் பார்க்க யாரும் சொல்லித் தரவில்லை. ஒரு காட்சி சட்டென்று வெட்டுப்பட்டால், இடையில் எதை எடுத்துவிட்டார்களோ என்று மனம் பதறும், அவ்வளவுதான். அந்தப் பதற்றம் ஒரு கலியாண சீடியில் தொடங்கியது.

அப்போது எனக்கு எட்டு வயது. அப்பா பாரிசில் இருந்தார். கந்தோரில் மேசையில் இருந்து எழுதுகிற வேலை என்று அம்மா எங்கள் ஊர் புங்குடுதீவு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். பாரிசில் நடந்த தூரத்துச் சொந்தக்காரரின் கலியாண சீடி எங்கள் வீட்டுக்கு மட்டும் வந்தது. தாலிக்கொடியின் தடிப்பைப் பார்க்க அயல் பெண்கள் பின்னேரங்களில் வந்து குந்துவார்கள்.

தாலி கட்டி, அறுகரிசி போட்டு வாழ்த்தி முடிந்ததும் அம்மா ரிமோட்டைத் தூக்கிப் படத்தை வேகமாக முன்னுக்கு ஓட்டிவிடுவார்.

"ஆரோ சாப்பிடுறதை நாங்கள் பாத்து என்ன செய்யிறது?"

"என்ன கறி எண்டாவது பாப்பமே பிள்ளை" என்று பக்கத்து வீட்டு மாமி கெஞ்சினாலும் விடமாட்டார்.

தொடர்ந்து மூன்று நாளும் அதே இடத்தில்தான் ஓட்டினார். அதில் என்ன இருக்கிறதோ என்று எனக்கு ஒரே யோசனை. அம்மா கிணற்றடிக்குப் போன நேரம் அந்த இடத்தைப் போட்டுப் பார்த்தேன். அப்பா நின்றார். வெள்ளைச் சட்டை, மேலே கையில்லாத கறுப்புக் கோட்டு. பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரி, அதே சட்டை, அதே கோட்டு. இருவர் கையிலும் தட்டம். கமரா கிட்ட வந்ததும் அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பாட்டுக் காட்சியில் இருவர் ஒரே நிறத்தில் உடுத்தால் அவர்கள் சோடி. எழுத்துக் கூட்டத் தெரியுமுன்பே எனக்கு அது தெரியும். கள்ளம் இல்லாதவர் ஏன் முகத்தைத் திருப்ப வேண்டும்? இனி எங்களைப் பாரிசுக்குக் கூப்பிடமாட்டார் என்று முடிவுகட்டினேன்.

அன்று பின்னேரம் அம்மா ரிமோட்டைத் தொட்டதுமே எனக்கு அழுகை வெடித்துவிட்டது.

"ஓட்டாதேங்கோ அம்மா! அதிலை அப்பா ஒரு வெள்ளைக்காரியோடை சோடியா உடுத்துக்கொண்டு நிக்கிறார்!"

மாமி வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினார்.

"என்ன பிள்ளை இது, உண்மையோ? ஒருக்காப் போடும் பாப்பம்."

"ஏலாது மாமி."

அம்மா சீடியை எடுத்து அலுமாரியில் வைத்துப் பூட்டினார். இல்லை என்று சொல்வார் என்று எல்லாரும் பார்த்திருந்தோம். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எல்லாம் என்ரை தலைவிதி" என்றார்.

அடுத்த நாளே குறிகாட்டுவான் இறங்குதுறை வரை அப்பாவுக்கு வெள்ளைக்காரி வாய்த்துவிட்டாள். மாமி கூழ் காய்ச்சிக் கொண்டுவந்து அம்மாவைத் தேற்றினார். அந்தக் கோட்டு கலியாண மண்டபத்தில் பரிமாறுகிறவர்களின் உடுப்பு என்பதும், சொந்தக்காரர் சாப்பிட்ட எச்சில் தட்டுகளைத்தான் அப்பா அன்று தூக்கினார் என்பதும் அம்மாவைத் தவிர ஊரில் ஒருவருக்கும் தெரியாது. எனக்கும் அப்போது தெரியாது. புருசனை ஒருத்தி பறித்துக்கொண்டு போயிருக்க, ஒரு சண்டைகூடப் பிடிக்காமல் இந்த மனிசி கூழ் குடிக்கிறாவே என்று, கதவு மூலையில் நின்று அம்மாவை முறைத்துக்கொண்டிருந்தேன்.