மாமன் கொண்டுவந்த நாலு டயர்

உசிலம்பட்டிக்கு மேற்கே கரிசல் காட்டு ஊர் ஒன்றில் அழகுபாண்டி பிக்கப் வண்டி வைத்திருக்கிறான். பேருக்குத்தான் அவன் வண்டி. உண்மையில் அது ஊர் வண்டி. விடிவதற்குள் மல்லிகைப்பூவை ஏற்றிக்கொண்டு மதுரை மாட்டுத்தாவணி பூச்சந்தைக்கு ஓட வேண்டும். திரும்பும்போது உரமூட்டை, மாட்டுத்தீவனம், யார் வீட்டுக்கோ பீரோ. வந்து சோற்றில் கை வைத்தால், எவளுக்காவது வலி எடுத்திருக்கும், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமையாவது படுக்கலாமென்றால், பூவுக்கு ஞாயிறு தெரியுமா என்ன? காளவாசல் சிக்னலில் சிவப்பு விழுந்ததும் கண்ணை மூடுவான். பின்னாலிருப்பவன் ஹாரன் அடித்ததும் திறப்பான். மனுசன் தூங்கியது அம்புட்டுத்தான்.

அவனுக்கென்று கடவுள் கொடுத்த ஒரே விடுமுறை மழை. ஊரின் பூந்தோட்டமெல்லாம் ஓடைக்கு அந்தப் பக்கம். ஒரு ஐப்பசியில் ஓடையில் தண்ணீர் வந்தபோது, அக்கரைச் சேற்றில் சக்கரம் பாதிக்குமேல் புதைந்து, டிராக்டர் வைத்து இழுத்தார்கள். அன்றிலிருந்து வானம் கறுத்தாலே போதும். “வண்டி போகாது” என்று சொல்லிவிடுவான். போகுமா போகாதா என்று இறங்கிப் பார்க்கக்கூட மாட்டான். அவன் மனைவி நாகஜோதி கோரைப்பாயை விரித்து, நிலக்கடலை அவித்து வைப்பாள். தூங்குவான், எழுந்து கடலை தின்பான், மறுபடி தூங்குவான். மகள் சரண்யாதேவி அவன் முதுகில் ஏறி உட்கார்ந்துகொள்வாள். பகல் வெளிச்சத்தில் அந்தப் பிள்ளை அப்பனைப் பார்ப்பதே மழை நாளில்தான்.

ஊர்க்காரர்களுக்கோ அன்று வயிற்றெரிச்சல். பெண்கள் பூ மூட்டையைத் தலையில் வைத்து மெயின் ரோடு வரை நடந்து, பஸ் பிடித்துப் போய்ச் சேருவதற்குள் சந்தையில் விலை இறங்கியிருக்கும். ஒருநாள் டீக்கடையில் நாகஜோதியின் அண்ணன் கண்ணுச்சாமி கேட்டேவிட்டான்.

“மாப்ள, மழைக்கு நீங்க வராட்டி பூவெல்லாம் வீணாப் போகுது. வண்டிக்கு என்னதான் செய்யணும், சொல்லுங்க.”

“டயர் சின்னது மச்சான். அது மட்டும் பெருசா இருந்துச்சுன்னா, நான் ஏன் வரமாட்டேங்கிறேன்?”

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். ஒரு சாக்குக்குச் சொன்னான், பாவி. மறுநாளே ஊர் முழுக்க டயர் பேச்சாகிவிட்டது.

பயந்துபோய் காளவாசல் டயர் கடைக்கு ஓடினான். கடைக்கார மைக்கேல்ராஜ் பொய் சொல்லத் தெரியாத மனுசன், அதுதான் வினை.

“பெரிய டயர் வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே. ஊர்ல போய்ச் சொல்லிக்கிறேன்.”

“எப்படிய்யா வேணாம்ங்கிறது? தரையில இருந்து வண்டி ஒசரும், அடி தட்டாது, சேத்துல ஏறி வந்துரும். ஒங்க ஓடைக்கு அதுதான் லாயக்கு.”

“கெடுதலே இல்லையாண்ணே?” அழகுபாண்டியின் குரல் கெஞ்சியது.

“ஏன் இல்ல? டீசல் கூடக் குடிக்கும். ஸ்டியரிங் கனக்கும். ஒடிச்சுத் திருப்பினா மட்கார்டுல உரசும். பிரேக்கை முன்னாடியே மிதிக்கணும். மீட்டர் வேகத்தைக் கொறச்சுக் காட்டும். பாடி ஒசந்துர்றதால லோடு ஏத்தவும் கஷ்டம். தெனம் மதுரைக்கு ஓடுற வண்டிக்கு இதெல்லாம் தொந்தரவுதான்.”

நல்லதை அங்கேயே விட்டுவிட்டு, கெட்டதை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு ஊருக்கு வந்தான். டீக்கடையில் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டான். டீசல் கூடக் குடிக்கும் என்றான். குடிக்கட்டும், ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக்கொள்கிறோம் என்றார்கள். மட்கார்டு உரசுமா, வெட்டி எடுத்துவிடலாம். மீட்டர் குறைத்துக் காட்டினால் நல்லதாப் போச்சு, பூ சீக்கிரம் போய்ச் சேரும்.

கடைசியாக ஒன்றைப் பத்திரமாக வைத்திருந்தான். “பாடி ஒசந்துரும். பொம்பளைக எப்படி மூட்டையத் தூக்கி வைப்பாங்க? பாவம்ல.”

தோட்டக்கார மொக்கையன் டீ கிளாஸைக் கீழே வைத்தார். “மண்ணக் கொட்டி ஒரு மேடு போட்டா ஆச்சு. இதுக்குப் போயி இம்புட்டு யோசனையா?” பொழுது சாய்வதற்குள் அக்கரையில் மேடு தயார். ஒரு மனிதனை இத்தனை அன்போடு யாரும் மடக்கியிருக்க மாட்டார்கள்.

அப்புறமும் அவன் பிடி கொடுக்கவில்லை. பாப்பாவின் காதுகுத்து முடியட்டும் என்று தள்ளிப்போட்டான். அங்கேதான் முட்டாள்தனம் செய்தான்.

மாசி மாதம், குலசாமி கோவிலில் காதுகுத்து. கொட்டுமேளத்தோடு தாய்மாமன் சீர் வருகிறது என்று எல்லோரும் எழுந்து நின்றார்கள். முன்னால் பழத்தட்டு, பட்டுப்பாவாடை, கம்மல். அதன்பின் மாலை போட்ட கிடாய். அதன்பின் நாலு பேர் தலையில் நாலு டயர். புத்தம் புதுசு, பெரிசு, ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து மல்லிகைச்சரம் சுற்றியிருந்தது. ஊரே விசிலடித்தது. கண்ணுச்சாமிக்கு முகமெல்லாம் பல்.

கடையில் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கலாம். தாய்மாமன் சீரைத் திருப்ப முடியுமா? திருப்பினால் இரண்டு குடும்பத்துக்கும் நடுவில் பேச்சுவார்த்தையே இருக்காது. சீரைக் கைநீட்டி வாங்க வேண்டியவள் நாகஜோதி. அவள் ஒருத்திக்குத்தான் விஷயம் தெரியும். புருசன் முகத்தைப் பார்த்தாள், அண்ணன் முகத்தைப் பார்த்தாள், கண் கலங்கி வாங்கிக்கொண்டாள். ஆனந்தக் கண்ணீர் என்று அத்தனை பேரும் நினைத்தார்கள்.

டயர் மாட்டியாயிற்று. மைக்கேல்ராஜ் சொன்னது ஒன்றுகூடத் தப்பவில்லை. வண்டி கம்பீரமாகத்தான் நின்றது. ஆனால் காளவாசலில் ஒடித்துத் திருப்பும்போது தோள்பட்டை விண்ணென்று தெறித்தது. கோடை முழுக்க அவன் வானத்தை அண்ணாந்து பார்க்கவே இல்லை.

ஐப்பசியில் மழை இறங்கியது. விடியற்காலை ஓட்டில் சடசடவென்று சத்தம் கேட்டதும், நாகஜோதி பழக்கதோஷத்தில் பாயை விரித்துவிட்டாள். அவன் அதில் உட்காரக்கூட இல்லை, போன் அடித்தது.

“கெளம்பிட்டீகளா மாப்ள?” என்றான் கண்ணுச்சாமி.

ஓடையில் கலங்கல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மாட்டிக்கொள்ளேன், ஒரே ஒரு தடவை மாட்டிக்கொள்ளேன் என்று வண்டியைக் கெஞ்சினான். அது பாட்டுக்குப் போனது. நடு ஓடையில் அவனுக்கு என்ன தோன்றியதோ, சாவியைத் திருகி வண்டியை அணைத்தான். போனையும் அணைத்தான். கண்ணாடியை ஏற்றிவிட்டு, தலையைப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடினான். தண்ணீர்ச் சத்தம் மட்டும் இருந்தது. இந்த இடத்துக்கு யாரும் வர முடியாது என்று நினைத்தபோது, நெஞ்சு அப்படியே லேசாகியது.

சற்று நேரத்தில் கதவைத் தட்டுகிற சத்தம். கண்ணைத் திறந்தால் இருளாயி அத்தை, முழங்காலுக்குமேல் ஓடும் தண்ணீரில், தலையில் பூ மூட்டையோடு நிற்கிறாள். அவளுக்குப் பின்னால் வரிசையாக மற்ற பெண்கள், ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்துக்கொண்டு, நனைந்து நடுங்கியபடி வருகிறார்கள்.

“வண்டி நின்னு போச்சாக்கும், அழகு? நீ எறங்காத, தண்ணி இழுக்குது. நாங்களே கொண்டாந்து ஏத்திர்றோம். ஒனக்கு ஒண்ணும் இல்லல்லப்பா?”

அவன் கண்ணாடியை இறக்கினான். அழலாம்போல இருந்தது, அடிக்கலாம்போலவும் இருந்தது. யாரை அடிப்பது?

“எனக்கு ஒண்ணுமில்ல அத்தை. எல்லாரும் கரைக்குப் போங்க. இந்தா, நானே வாரேன்.”

சாவியைப் போட்டான். முதல் திருகலிலேயே வண்டி கிளம்பியது. மேட்டோரம் நிறுத்தியதும் மளமளவென்று மூட்டை ஏறியது. கண்ணுச்சாமி சக்கரத்தை ஒரு தட்டுத் தட்டி, “இனிமே எந்த மழையா இருந்தாலும் நமக்குக் கவலையில்ல மாப்ள” என்றான். அழகுபாண்டி தலையாட்டினான்.

மெயின் ரோடு ஏறியபின் போனைப் போட்டு நாகஜோதியைக் கூப்பிட்டான்.

“வண்டி போயிருச்சாங்க?” என்றாள் அவள்.

“போயிருச்சு. அந்தப் பாயைச் சுருட்டிப் பரண்ல போட்டுரு.”