தேய்த்தும் போகாத கசப்பு

கண்ணுகளா, இன்று உங்கள் அம்மா வெள்ளரிப் பிஞ்சின் காம்பை நறுக்கித் தேய்த்தபோது வந்த பச்சை வாசம், இப்போது குடோன் நிற்கிற எங்கள் பழைய வீட்டின் பின்பக்கப் பொடக்காலிக்கே என்னைக் கொண்டுபோய்விட்டது. அங்கே என் அம்மா பனியன் துணிக் கழிவைக் கயிறாகத் திரித்து வெள்ளரிக் கொடி ஏற்றி, கிணற்றுத் தண்ணீர் ஊற்றி வளர்த்து, விடிந்ததும் பிஞ்சு பறித்து, இதே மாதிரி நுரை வரத் தேய்த்துத்தான் எனக்குத் தருவார்.

கிணற்றில் சாயத் தண்ணீர் இறங்கிய வருஷம், எவ்வளவு தேய்த்தும் கசப்பு போகவில்லை.

"ஏனுங்க, இது உங்க பட்டறைத் தண்ணி பண்ணுன வேலைதானுங்களே?" என்று சாயப்பட்டறையில் வேலைபார்த்த அப்பாவை அம்மா கேட்டார்.

அப்பா, நீலம் ஏறிய விரல்களால் ஒரு பிஞ்சை எடுத்து, துப்பாமல் முழுசாகத் தின்றார். "எங்க கசக்குது? இன்னொண்ணு கொண்டா."

அம்மா கொடுக்கவில்லை, அன்றே கொடியைப் பிடுங்கிவிட்டார். மறுநாளும் அப்பா பட்டறைக்குத்தான் போனார். வேறெங்கே போவார்?